ஹார்மோன் மாத்திரையும் ஆத்தாவின் சாப்பாடும்

ஆத்தாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானதும் காரைக்குடி வீட்டுக்குப் பார்க்க வந்த உறவெல்லாம் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சீனியை நிறுத்து, பாலை நிறுத்து, வெறும் ஜூஸ் கொடு, ஹார்மோனைச் சமன் செய்ய ஒரு பொடி இருக்கிறது, வாங்கித் தரட்டுமா... எல்லாம் அக்கறைதான். ஆனால் பயாப்சி ரிப்போர்ட்டில் ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டார் பாசிட்டிவ் என்று இருந்தது. அந்தக் கட்டி ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோனைப் பிடித்து வளர்கிற வகை, அப்படியிருக்க ஹார்மோன் பெயரைச் சொல்லி விற்கிற எதையும் நம்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

முதலில் வந்தது கீமோ. ஊருக்கே சமைத்துப் போட்ட கை, ஆனால் "வாயில மண்ணள்ளிப் போட்ட மாதிரி இருக்குத்தா" என்று தட்டைத் தள்ளிவிடுவார். வாய்ப்புண் வேறு. காரக்குழம்பும் உப்புக்கறியும் நின்றன. இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், பாசிப்பருப்புப் போட்டுக் குழைய வேகவைத்த கஞ்சி, அதில் பிய்த்துப்போட்ட கோழி, முழுதாக வெந்த முட்டை, இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க. வெள்ளை அணு குறைகிற நாட்களில் வேகவைக்காத காய்கறி கிடையாது, கடை மோர் கிடையாது, எல்லாம் அப்போதே ஆக்கிச் சூடாக. புரதம் குறைந்து எடை சரிந்தால் உடம்பு மருந்தைத் தாங்காது, அடுத்த கீமோ தள்ளிப்போகலாம். ஜூஸ் மட்டும் கொடுக்கச் சொன்னவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அப்புறம் லெட்ரோசோல் என்கிற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை, தினம் 2.5 மில்லிகிராம். மாதவிடாய் நின்றுபோன பிறகும் உடம்பின் கொழுப்பில் அரோமடேஸ் என்கிற நொதி வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்குமாம், மாத்திரை அந்த நொதியைத் தடுக்கிறது. எந்தக் கீரையும் எந்தப் பொடியும் அந்த வேலையைச் செய்யாது. சில பொடிகளில் இருக்கும் டிஹெச்இஏ என்கிற ஹார்மோன் உடம்புக்குள் போய் ஈஸ்ட்ரோஜனாகவே மாறக்கூடியது! குழம்பில் போடுகிற மஞ்சள் சரி, சாப்பாட்டில் அளவாகச் சேர்க்கிற சோயாவும் சரி. அதையே மாத்திரையாக அடைத்து விற்பது வேறு விஷயம். இதே நோய்க்குக் கொடுக்கிற இன்னொரு மாத்திரையான டமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்கள், மஞ்சளிலிருந்து எடுக்கிற குர்குமின் மாத்திரை எடுத்தால் ரத்தத்தில் மருந்தின் வீரியம் குறையலாம், கட்டாயம் டாக்டரிடம் கேளுங்கள்.

சீனியைக் குறைத்தோம், கட்டியைப் பட்டினி போட அல்ல. உடம்பின் எல்லா செல்லுக்கும் குளுக்கோஸ் வேண்டும், சீனியை விட்டால் புற்றுநோய் செத்துவிடாது. எடை ஏறக்கூடாது என்பதற்காகத்தான். கல்யாண வீட்டுப் பலகாரம் வந்தால் ஒரு கந்தரப்பம் உண்டு, அதைத் தடுக்க நான் யார்?

லெட்ரோசோல் எலும்பைத் தேய்க்கும், காலையில் எழுந்தால் மூட்டெல்லாம் பிடித்துக்கொள்ளும். எலும்பு அடர்த்தி ஸ்கேன் பார்த்து கால்சியமும் வைட்டமின் டியும் எழுதிக் கொடுத்தார்கள். கேழ்வரகும் மோரும் தினமும் உண்டு. வாரம் 150 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். எங்கள் ஊர் வெயிலில் வெளியே முடியாது, அதனால் வளவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடக்கிறார். நடந்தால் மூட்டுவலி குறைகிறது என்று அவரே சொல்கிறார்.

இப்போதும் யாராவது லேகியம் கொண்டுவருவார்கள். ஆத்தா வேண்டாம் என்று சொல்வதில்லை, வாங்கி ஆஸ்பத்திரிப் பையில் போட்டுக்கொள்வார். டாக்டர் பார்த்துச் சரி என்றால்தான் மூடி திறக்கும்.