தனுஷ்கோடியில் வண்டியை நிறுத்தும் இடம்

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வந்து தங்குகிறவர்களை வெளியூர் கூட்டிப்போகும் வழிகாட்டி நான். தனுஷ்கோடிக்கு ஒருநாள் பயணம் என்றால் எல்லோரும் கேட்பது நிலம் முடிகிற அரிச்சல்முனையைத்தான். காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரமே 140 கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். அவ்வளவு தூரம் போய், முனையில் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்கு எனக்கு மனம் ஒப்புவதில்லை. பார்க்க வேண்டியது முனைக்கு முன்னாலேயே இருக்கிறது.

ராமேஸ்வரத்தைத் தாண்டியதும் நிலம் குறுகிக்கொண்டே போகும். இடப்பக்கம் பாக் விரிகுடா, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்களுக்கு பெண்கடல், ஆண்கடல். கோதண்டராமர் கோயில் பக்கத்து ஆழமில்லாத தண்ணீரில் குளிர்மாதங்களில் பூநாரைகள் இறங்கும். வண்டியைத் தார்ச்சாலை ஓரத்திலேயே நிறுத்தச் சொல்லிவிடுவேன். யாரும் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. பைனாகுலர் கைமாறும்.

பூநாரை மேய்வதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். நீளக் கழுத்தை இறக்கி, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைக்கும். நாக்கை முன்னும் பின்னும் அசைத்துத் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். பாசியும் பொடி இறாலும் அலகிலேயே தங்கிவிடும். அந்த இரையில் இருக்கும் நிறமிதான் இறகில் இளஞ்சிவப்பாக ஏறுகிறது. சாம்பல் நிறத்தில் நிற்பவை இளம் பறவைகள்.

யாராவது நெருங்கினால் முதலில் ஒன்று மேய்வதை விட்டுத் தலையைத் தூக்கும். அப்புறம் பக்கத்தில் உள்ளவை. எல்லாக் கழுத்தும் நிமிர்ந்து கூட்டம் நகர ஆரம்பித்துவிட்டால், அடுத்து பறப்பதுதான். அந்தக் காட்சிக்காகவே கைதட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரும். நெடுந்தூரம் பறந்து வந்து பசியாறுகிற பறவையை விரட்டுவது என்ன ரசனை? 2025 ஜூனில் இந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தபோது, நானே ஏதோ பெற்றதுபோல் இருந்தது.

ஒருமுறை தேவகோட்டை ஆச்சி ஒருவர், சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பேரப்பிள்ளைகளோடு வந்தார். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயச் சுவரருகே நின்று, "எங்க அப்பச்சி கொழும்புக்குப் போறப்ப இங்கனதான் ரயில விட்டு எறங்கி, தலைமன்னார்க் கப்பல் ஏறுவாக" என்றார். பேரனுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அவன் கண் மேலே வட்டமிட்ட செம்பருந்தின் மேல். "அப்பத்தா, அது மீனைத் தூக்கிட்டுப் போகுது!" ஆச்சியும் நிமிர்ந்து பார்த்தார். அப்பச்சி கதை பாதியில் நின்றது. செம்பருந்து கண்ணுக்கு மறையும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள். அன்று அரிச்சல்முனையில் நாங்கள் இருந்தது கொஞ்ச நேரம்தான். யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

வெயில் ஏறினால் கானல் எழும்பி, பைனாகுலரில் பறவை நெளியும். அதனால் பதிவு செய்ய அழைப்பவர்களிடம், அதிகாலை நாலரைக்குக் கிளம்ப முடியுமா என்றுதான் முதலில் கேட்கிறேன். காலைப் பலகாரத்தைக் கட்டி எடுத்துக்கொள்ளலாம். கந்தரப்பம் ஆறினாலும் நன்றாகவே இருக்கும்.