பல்செட் லூசானால் புதுசுதான் கட்ட வேண்டுமா?

மேல் செட் நன்றாகத்தான் இருந்தது. தொல்லையெல்லாம் கீழ் செட்டால். ஒரு பக்கம் மென்றால் மறுபக்கம் தூக்கும். சாப்பாட்டுத் துணுக்கு ஒன்று அடியில் புகுந்துவிட்டால் உயிர் போய் உயிர் வரும். ஒட்டும் பேஸ்ட் போட்டுச் சமாளித்தேன். ட்யூப் ட்யூபாக அது தீர்ந்துகொண்டே போனது, அதுவும் ஒரு செலவுதானே.

முதலில் போன கிளினிக்கில், வாயைப் பார்த்த கையோடு "புது செட் கட்டிடலாம்" என்றார்கள். பழையதில் என்ன கோளாறு என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. எழுந்து வந்துவிட்டேன். அடுத்துப் பார்த்த டாக்டர் செட்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல் தேயவில்லை, விரிசல் இல்லை, கடியும் சரியாக இருக்கிறது. "செட் அப்படியேதான் இருக்கு, உங்க தாடைதான் குறைஞ்சிருக்கு" என்றார். பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு கரைந்துகொண்டே போகுமாம். முதல் வருடத்தில் வேகம் அதிகம், அதிலும் மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை பல மடங்கு கரையும். ஆகவே பற்களைத் தொடாமல் உள்பக்கம் மட்டும் புதிதாக அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக்கை ஊற்றினால் போதும். ரீலைன் என்கிறார்கள். புது செட்டை ஒப்பிட்டால் செலவு மிகவும் குறைவு.

அதிலும் வகை இருக்கிறது. கிளினிக்கிலேயே உட்கார்ந்த இடத்தில் முடிப்பது மலிவு, ஆனால் அந்தப் பொருளில் நுண்ணிய துளைகள் இருப்பதால் போகப்போகக் கறையும் வாடையும் பிடிக்கும். மெத்தென்ற லைனிங் ஈறு மெலிந்தவர்களுக்கு இதம். விலை கூடுதல், சீக்கிரம் மாற்றவும் வேண்டும். லேபுக்கு அனுப்பிச் செய்வது நாள்பட உழைக்கும், ஆனால் திரும்பி வரும்வரை பொக்கை வாய்தான். நான் லேபையே தேர்ந்தெடுத்தேன்.

உடனே அளவெடுக்க முடியவில்லை. ஈறு புண்பட்டு அழுந்திக் கிடந்தது. அது ஆறுவதற்காகச் செட்டின் அடியில் ஒரு மிருதுவான தற்காலிகப் பூச்சு போட்டார்கள், இரவில் செட்டைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். இந்தப் பூச்சுக்குத் தனிக் கட்டணம் என்பது பில்லைப் பார்த்தபோதுதான் தெரிந்தது! அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் கேட்டு எழுதி வாங்கினேன்: அளவெடுக்க எவ்வளவு, லேபுக்கு எவ்வளவு, பின்னால் ராவிச் சரிசெய்ய வந்தால் காசு உண்டா இல்லையா.

அந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். செட் திரும்பி வந்த புதிதில் நாக்குக்குக் கீழே ஓரிடத்தில் உறுத்தியது. டாக்டர் உள்பக்கம் வெள்ளைப் பசை தடவி, வாயில் வைத்துக் கடிக்கச் சொல்லி எடுத்தார். பசை விலகி செட்டின் ரோஸ் நிறம் தெரிந்த இடம்தான் அழுத்துகிற இடம். அதை மட்டும் கொஞ்சம் ராவினார். இப்படிச் சில தடவை போக வேண்டியிருந்தது, ஒவ்வொன்றுக்கும் தனியாக வாங்கியிருந்தால் ரீலைனில் மிச்சம் பிடித்ததில் பாதி போயிருக்கும்.

இப்போது பேஸ்ட் இல்லாமலே கீழ் செட் நிற்கிறது. மேல் செட்டை இப்போதைக்குத் தொட வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றிருக்கிறார்.