புண்ணுக்கு அருகிலேயே சுரக்கும் மருந்து

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில், மலத்தோடு ரத்தம் போனால் அது மூலம்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். நானும் அப்படியே நம்பி, எட்டு மாதம் மூலத்துக்கு மருந்து சாப்பிட்டு, ஒன்பது கிலோ எடை குறைந்த பிறகுதான் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்குப் பேருந்து ஏறினேன்.

பெருங்குடலுக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபியைவிட அதற்கு முந்தைய இரவுதான் கடினமானது. உப்புக் கரிக்கும் பேதி மருந்தை, கால் மணிக்கு ஒரு டம்ளர் வீதம் இரண்டு லிட்டர் குடிக்க வேண்டும். குளிரவைத்தால் குமட்டல் குறையும் என்பது எனக்கு ஐந்தாவது டம்ளரில்தான் தெரிந்தது. மறுநாள் எடுத்த சதைத் துணுக்கின் பரிசோதனை, நோய் பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று உறுதிசெய்தது.

குடல் அழற்சியைக் குறைக்கும் மெசலமைன் மருந்தோடு கொடுத்த ஸ்டீராய்டு மூன்று வாரத்தில் ரத்தத்தை நிறுத்தியது. ஆனால் முகம் வீங்கி, தூக்கமும் போனது. புண் இருக்கும் இடத்தில் மட்டும் வேலை செய்யும் மருந்து கிடையாதா என்று மருத்துவரிடம் கேட்டேன்.

"மருந்தை அங்கேயே சுரக்கிற பாக்டீரியாவைச் செய்து பார்த்திருக்கிறார்களம்மா" என்றார்.

பாலைப் புளிக்கவைக்கும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்னும் பாக்டீரியாவை, அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூகின்-10 என்ற புரதத்தைச் சுரக்கும்படி பெல்ஜிய ஆய்வாளர்கள் மாற்றியமைத்து, 2000இல் எலிகளின் குடல் அழற்சி தணிவதைக் காட்டினார்கள். என்னை ஈர்த்தது அதற்குப் பிறகு அவர்கள் போட்ட பூட்டு. டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள்களில் ஒன்றான தைமிடினைத் தயாரிக்கத் தேவையான மரபணுவை எடுத்துவிட்டு, அதே இடத்தில் மனித இன்டர்லூகின் மரபணுவை வைத்தார்கள். தைமிடின் இல்லாமல் டி.என்.ஏ.வைப் படியெடுக்க முடியாது என்பதால், அந்தப் பாக்டீரியா உடலை விட்டு வெளியேறி, தைமிடின் கிடைக்காத சூழலுக்குப் போனதும் அழிந்துவிடும். இழந்த மரபணுவை எப்படியோ திரும்பப் பெற்றாலும், மனித மரபணு அந்த இடத்திலிருந்து கழன்றுவிடும். உயிருள்ள ஒன்றை நோயாளியின் வயிற்றுக்குள் அனுப்புமுன், அது ஊர்க் குளத்தில் கலந்தால் என்னவாகும் என்று யோசித்த அந்தப் பொறுப்புணர்வே எனக்கு நம்பிக்கை தந்தது.

குரோன் என்னும் இன்னொரு குடல் அழற்சி நோய் உள்ள 10 பேரிடம் நடந்த முதல் சோதனை, இந்தச் சிகிச்சை பாதுகாப்பானது என்று 2006இல் காட்டியது. என் நோய் உள்ளவர்களிடம் பின்னர் நடந்த சோதனையிலோ, வெற்று மருந்தைவிட மேலான பலன் தெரியவில்லை. அதைக் கேட்டபோது தொண்டை அடைத்தது. இன்றுவரை இந்நோய்க்கு மாற்றியமைத்த பாக்டீரியா எதுவும் மருந்தாக அனுமதி பெறவில்லை.

இப்போது மெசலமைன் மட்டுமே எடுக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, குடல் அழற்சியைக் காட்டும் கால்புரொடெக்டின் பரிசோதனைக்கு மல மாதிரி டப்பாவோடு அதே பேருந்தில் போகிறேன். அந்தப் பாக்டீரியாவைப் பற்றி ஒவ்வொரு முறையும் கேட்கிறேன், மருத்துவரும் சலிக்காமல் பதில் சொல்கிறார்.