பார்மட் அடித்தும் போகாத ட்ரோஜன்

கம்ப்யூட்டரில் ட்ரோஜன் (நல்ல பைல் போல வேடம் போட்டு உள்ளே வரும் திருட்டு புரோகிராம்) புகுந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால், "பார்மட் அடிச்சா சரியாயிடும்" என்று சொல்லும் கடைக்கு உடனே சிபியூவைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். மாமா (அக்கா வீட்டுக்காரர்) அப்படித்தான் ஓடினார். அலைச்சலும் எரிச்சலும்தான் மிச்சம்.

மாமாவுக்கு மண்ணடியில் இரும்புச் சாமான் வியாபாரம். டேலி கணக்கு, ஜிஎஸ்டி எல்லாம் தண்டையார்பேட்டை வீட்டு கம்ப்யூட்டரில்தான். தெரிந்த பார்ட்டி ஒருவர் பெயரில் 'பாக்கி பில்' என்று மெயிலில் ஒரு ஜிப் பைல் வந்தது. அதைத் திறக்கும் பாஸ்வேர்டும் மெயிலிலேயே இருந்தது. இந்த மாதிரிப் பாஸ்வேர்டு நம் பாதுகாப்புக்கு இல்லை. மெயில் கம்பெனியின் ஸ்கேனர் உள்ளே எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகப் போடுவது. உள்ளே பிடிஎஃப் படம் ஒட்டிய ஒரு பைல். விண்டோஸ் வழக்கமாக எக்ஸ்டென்ஷனை (பைல் என்ன வகை என்று சொல்லும் பெயரின் வால்) மறைத்துவிடும். அதனால் 'டாட் பிடிஎஃப்' வரைதான் கண்ணுக்குத் தெரிந்தது, அதன் வாலில் இருந்த 'டாட் இஎக்ஸ்இ', அதாவது இது புரோகிராம் என்கிற அடையாளம், தெரியவில்லை. தட்டினார், எதுவும் திறக்கவில்லை, வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அப்புறம்தான் திருவொற்றியூரிலிருந்து ஒரு கஸ்டமர் போன் செய்தார். "என்னண்ணே, நீங்கதான் எனக்குப் பணம் தரணும், எனக்கே பாக்கி பில் அனுப்புறீங்க?"

மின்ட் பக்கம் ஒரு சர்வீஸ் கடை. "டென்ஷன் ஆவாதீங்க சார், பார்மட் அடிச்சா சுத்தமா பூடும்" என்றார் கடைக்காரர். டேலி டேட்டா சி டிரைவில் இருக்கிறது, எடுத்து வைத்துவிட்டு ஆரம்பிங்கள் என்று மாமா சொன்னதற்கு அங்கிருந்த பையன் நன்றாகத் தலையாட்டினான். திரும்பி வந்தபோது டி டிரைவில் கல்யாண போட்டோவெல்லாம் பத்திரமாக இருந்தது. டேலியைக் காணோம். கேட்டால், "நீங்க சொல்லவே இல்லியே சார்." எந்த போல்டரை எடுத்து வைக்க வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தை உதவாது.

இவ்வளவுக்கும் பிறகு, மாமாவின் மெயிலிலிருந்து கஸ்டமர்களுக்கு அதே ஜிப் போவது நிற்கவில்லை. கடைக்காரர், "அது மெயில் பிராப்ளம் சார், எங்க வேல இல்ல" என்று கையை விரித்தார். அதில் பாதி உண்மை இருந்தது. இந்த வகை ட்ரோஜன், உள்ளே வந்த கொஞ்ச நேரத்திலேயே பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் (நாம் லாகின் ஆனவர் என்று காட்ட பிரவுசரில் இருக்கும் அடையாளச் சீட்டு) அள்ளி அனுப்பிவிடும். லாகின் ஆன குக்கீ கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், நேராக உள்ளே நுழையலாம். திருடன் நகையோடு போன பிறகு வீட்டுக்கு வெள்ளையடித்த கதைதான் பார்மட்.

ஆக, முதல் வேலை கம்ப்யூட்டரில் இல்லை. அதன் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, வேறு போனிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக் அவுட் செய்ய வேண்டும். அப்புறம் பேங்க், ஜிஎஸ்டி, மற்றவை. மெயில்தான் முதலில், ஏனென்றால் மற்ற பாஸ்வேர்டுகளை ரீசெட் செய்யும் லிங்க் பெரும்பாலும் அங்கேதான் வரும். இது ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்தது.

முடியாதது ஒன்று இருந்தது. மெயில் போவது நின்ற பிறகும், "இதை நீங்கதான் அனுப்பினீங்களா?" என்று கஸ்டமர்கள் கேட்டு எழுதிய பதில் எதுவும் இன்பாக்ஸில் இல்லை. ஜிமெயில் செட்டிங்கில் ஃபில்டர் பக்கத்தைத் திறந்தால், நாங்கள் போடாத ஒரு ஃபில்டர்: 'இன்வாய்ஸ்', 'பேமென்ட்' என்ற சொல் இருக்கும் மெயிலெல்லாம் நேராகக் குப்பைக்கு. பாஸ்வேர்டை மாற்றினாலும் ஃபில்டர் அப்படியேதான் இருக்கும், நாம்தான் அழிக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் ஃபார்வர்டிங்கையும் (மெயிலைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் செட்டிங்) பார்த்துவிடுங்கள்.

இனிதான் எனக்கு வயிறு எரிகிற இடம். விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்குளூஷன் என்று ஒரு பகுதி உண்டு, ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று விலக்கி வைக்கும் பட்டியல். அதில் மொத்த சி டிரைவும் இருந்தது. கடைக்காரர் விண்டோஸ் ப்ரோவைப் போட்டு, அதைக் கிராக் செய்ய, அதாவது லைசென்ஸ் இல்லாமலே ஓட வைக்க, ஒரு ஆக்டிவேட்டரை ஓட்டியிருக்கிறார். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அதைப் பிடித்துவிடக் கூடாதென்று இந்த ஏற்பாடு. இப்படிப்பட்ட ஆக்டிவேட்டர்களிலேயே ட்ரோஜனை வைத்து அனுப்புவது ரொம்ப நாளாக நடக்கிற வேலை. நோயாளியைக் குணமாக்குகிறேன் என்று கதவையும் கழற்றி வைத்துவிட்டார். இதற்கு விண்டோஸ் சார்ஜ் என்று தனிக் காசு வேறு.

வேடிக்கை என்னவென்றால், மாமா வாங்கியது பிராண்டட் கம்ப்யூட்டர், விண்டோஸ் ஹோம் லைசென்ஸோடு வந்தது. அந்தக் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். என் லேப்டாப்பில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, ஹோமையே மறுபடி போட்டேன். நெட் இணைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆனது. பைசா செலவில்லை. அந்தத் திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு மின்ட்டுக்குப் போனேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் ஏதேதோ பேசிப் பார்த்தார். கடைசியில் விண்டோஸ் காசைத் திருப்பிக் கொடுத்தார், சர்வீஸ் சார்ஜை மட்டும் திருப்பித் தர முடியாது என்றார். சரி, அதுவே பெரிது.

போலீஸ் ஸ்டேஷனில், "பணம் போகலியே சார், அப்புறம் என்ன?" என்று அனுப்பிவிட்டார்கள். தேசிய சைபர் கிரைம் போர்ட்டலில் நாமே புகார் பதியலாம். விவரம் குறைந்தது 200 எழுத்தாவது இருக்க வேண்டும், சிறப்புக் குறிகள் கூடாது. மெயில் முகவரியை ஒட்டினால் அதிலுள்ள @ குறிக்கே ஆட்சேபணை வரும். பணம் போயிருந்தால் இதிலெல்லாம் நேரத்தைக் கழிக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

இப்போது மாமாவின் தினசரி வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத ஒரு அக்கவுன்ட், எக்ஸ்டென்ஷன் எப்போதும் தெரிகிற செட்டிங், டேலி பேக்கப்புக்கு வேலை முடிந்ததும் கழற்றிவிடும் பென்டிரைவ். சந்தேகமான பைலை வைரஸ்டோட்டலில் (பல ஆன்டிவைரஸ்களால் பைலைச் சோதித்துக் காட்டும் வெப்சைட்) ஏற்றிப் பார்க்கலாம். கஸ்டமர் பில்லை மட்டும் ஏற்றாதீர்கள், அங்கே ஏற்றியது மற்றவர்கள் கைக்கும் போகும். டேலியைப் பொறுத்தவரை, ஆடிட்டரிடம் மார்ச் வரைக்குமான காப்பி இருந்தது. ஏப்ரலிலிருந்து உள்ளதை அக்கா பில் புக்கைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கிறாள், அந்தத் தலையாட்டிய பையனைத் திட்டிக்கொண்டே.