பிக்னா பன்னியா, பெருசா?

என் பொண்ணு யூகேஜி சேர்ந்த முதல் மாசமே ஸ்கூல்ல எங்களை கூப்பிட்டு, வீட்டுலயும் இங்கிலீஷ்லயே பேசுங்க, அப்போதான் சீக்கிரம் வரும்னு சொன்னாங்க. நாங்களும் நம்பி ஆரம்பிச்சோம். கம் ஹியர், ஈட் ஃபாஸ்ட், டோன்ட் டூ தட்... எங்களுக்கு வாயில வந்த இங்கிலீஷ் எல்லாமே ஏவுறதும் அதட்டுறதும்தான், கொஞ்சுறதுக்கு எங்ககிட்ட இங்கிலீஷ் இல்ல. பத்தே நாள்ல புள்ள பேச்சைக் குறைச்சுக்கிட்டா. ஸ்கூல் விட்டு வந்ததும் அப்பத்தா மடியில உக்காந்து யாரு அழுதா, யாரு டிபன் பாக்ஸ்ல என்ன இருந்துச்சுன்னு ஒரு மணி நேரம் கதை சொல்றவ, "நத்திங்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டு டிவி முன்னாடி போய் உக்காந்துட்டா. என் மாமியாருக்கு இங்கிலீஷ் தெரியாது. "ஏத்தா, புள்ளைக்கு என் மேல கோவமா"ன்னு அவங்க என்கிட்ட வந்து கேட்டாங்க. அன்னைக்கே அந்த ரூலை நிறுத்திட்டேன்.

தமிழ்ல பேசுனா இங்கிலீஷ் வராதுன்னு நிறைய பேரு பயப்படுறோம். ஆனா இந்த ஒரு வருஷமா பக்கத்துல உக்காந்து பாத்ததுல சொல்றேன், இவ இங்கிலீஷைப் பிடிச்சுக்குறதே தமிழை வச்சுதான்.

முதல்ல வந்த சிக்கல் பிக். பன்னியும் பிக், பெருசும் பிக். நம்ம எழுத்துல ரெண்டுக்கும் ஒரே 'பி'தானே, அதனால ரெண்டையும் ஒரே மாதிரி படிச்சா. என் அக்கா அரசு தொடக்கப் பள்ளியில டீச்சர், 2022-ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததுல இருந்து 1 முதல் 3-ம் வகுப்பு வரைக்கும் தமிழ், கணக்கு மாதிரி இங்கிலீஷும் பாட்டும் அட்டையும் விளையாட்டுமா போகுதுன்னு சொல்லுவா. அவகிட்ட கேட்டேன். "அவளுக்கு அந்த ரெண்டு சத்தமும் ஏற்கனவே தெரியும்டி, குடிக்கிற பாலையும் தூக்கிப் போடுற பாலையும் அவ என்னைக்காவது மாத்தி சொல்லிருக்காளா"ன்னா. அட ஆமா! எழுதுனா ரெண்டும் ஒண்ணுதான், வாய்ல வேற வேற. அப்புறம் வாய்க்கு முன்னாடி ஒரு துண்டு பேப்பரைத் தொங்கவிட்டு, பன்னியை காத்தை ஊதி சொல்லச் சொன்னா பேப்பர் ஆடுது, பெருசை சொன்னா ஆடல. ஒரு சாயங்காலம் பூரா இதே விளையாட்டு, அதோட அந்தக் குழப்பம் தீந்துச்சு.

எழுத்துப் பேரு இன்னொரு தலைவலி. தமிழ்ல 247 எழுத்து இருந்தாலும் 'ம'ன்னா பேரும் ம, சத்தமும் ம. இங்கிலீஷ்ல 26தான், ஆனா பேரு ஒண்ணு சத்தம் ஒண்ணு. வாட்டர்னு எழுத சொன்னா ஒய் போட்டு ஆரம்பிச்சா. ஏன்னு கேட்டேன். "ஒய்லதான் வ இருக்கு, டபிள்யூல எங்கம்மா வ இருக்கு?" அவ சொன்னது முழுக்க நியாயம். அதுக்கப்புறம் எழுத்தோட பேரை ஒதுக்கி வச்சிட்டு சத்தத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தேன், ஸ், அ, ட், இ, ப், ன் இந்த ஆறு சத்தம் வந்ததுமே சின்னச் சின்ன வார்த்தையா கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிட்டா.

பேசும்போது வர்ற தப்பை நான் நடுவுல நிறுத்தி திருத்துறதே இல்ல. "மீ இஸ் ஹங்கிரி"ம்பா. எனக்கு பசிக்குதுன்னுதானே நாம சொல்றோம், தமிழ்ல பசி நமக்கு வருது, இங்கிலீஷ்ல நாமளே பசியா இருக்கோம், அவ்ளோ பெரிய வித்தியாசத்தை அஞ்சு வயசுப் புள்ள ஒரே நாள்ல தாண்டிடுமா? "ஓ, ஆர் யூ ஹங்கிரி? ஐ ஆம் ஹங்கிரி டூ"ன்னு சரியான வாக்கியத்தை என் பதில்ல வச்சு சொல்லிட்டு தோசை ஊத்தப் போயிடுவேன். மிஸ்ஸைப் பாத்து "யூ"ன்னு சொல்லவே ரொம்ப நாள் தயங்குனா, அது நீன்னு கூப்பிடுற மாதிரி மரியாதை இல்லாம இருக்காம். இங்கிலீஷ்ல நீங்களுக்கும் அதே வார்த்தைதான்னு சொன்னதும்தான் நிம்மதி ஆச்சு அவளுக்கு.

இப்போ ராத்திரி 20 நிமிஷம் மட்டும்தான் இங்கிலீஷ். பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் சைட்டுல ஒரே கதை தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் இலவசமா கிடைக்குது, நாலு லெவலா பிரிச்சு வச்சிருக்காங்க. முதல் நாள் தமிழ்ல படிப்போம், அடுத்த ரெண்டு மூணு நாள் அதே கதை இங்கிலீஷ்ல. கதை தெரிஞ்சதுனால தெரியாத வார்த்தைக்கு அர்த்தத்தை அவளே பிடிச்சிடுறா. காலையில அந்தக் கதை அப்பத்தாவுக்கு தமிழ்ல போயிடும், நடுநடுவுல "இதுக்கு இங்கிலீஷ்ல பாஸ்கெட் அப்பத்தா"ன்னு பாடம் வேற.

நேத்து ஒரு கதையில ஒரு பொண்ணு பாட்டிகிட்ட "வீ ஆர் கோயிங் டு தி மார்க்கெட்"னு சொல்லுது. என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டா. "அம்மா, இந்த வீ நாமளா, நாங்களா? பாட்டியும் போறாங்களா இல்லையா?" எனக்கு சட்டுனு பதில் வரல, அந்த வாக்கியத்துல அது இல்லவே இல்ல. அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பாத்தோம். படத்துல பாட்டி கூடையோட முன்னாடி நடந்து போயிட்டு இருந்தாங்க.

"அப்போ நாம"ன்னு சொல்லிட்டு தலகாணில சாஞ்சிட்டா.