பழைய டிராவலரைக் குடும்ப கேம்பராக்க: ஆசாரியைக் கூப்பிடும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

நம் ஊரில் குடும்ப கேம்பருக்கு (உள்ளேயே சமைத்துத் தூங்கும்படி மாற்றிய வேன்) பழைய வண்டி தேடுபவர்களுக்கு ஃபோர்ஸ் டிராவலரைத்தான் முதலில் சொல்வோம். உயரக் கூரை என்பதால் பெரியவர்கள் நிமிர்ந்து நின்று சமைக்கலாம். பாடி சதுரமாக இருப்பதால் அலமாரி ஏறும். இந்த எஞ்சினைத் தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் உண்டு. 3350, 4020 என்று மாடல் பெயரில் வரும் எண் வீல்பேஸின் நீளம், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில். நான்கு பேருக்கு 3350 போதும். 4020-இல் இடம் தாராளம்தான், ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அந்தக் கூடுதல் நீளம் ஒவ்வொரு திருப்பத்திலும் தெரியும்.

வண்டி வந்ததும் பெரும்பாலானவர்கள் ஆசாரியைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். கட்டில், கிச்சன், அலமாரி எல்லாம் அழகாக முடிந்தபின் முதல் மழையில் கூரை ஒழுகும், மே மாதத்தில் உள்ளே உட்காரக்கூட முடியாது, எஃப்.சி.க்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். மூன்றையும் சரிசெய்ய, செய்த மரவேலையை உடைத்தாக வேண்டும். பேப்பர், துரு, ஒழுகல், வெயில், கரண்ட். இந்த வரிசை முடிந்தபிறகுதான் பிளைவுட்.

பேப்பர் வேலை

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52-படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மீறினால் பிரிவு 182ஏ-இன்கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சீட்டைக் கழற்றுவதும் மாற்றம்தான். அதைவிடப் பெரிய இடி இன்சூரன்ஸ். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு தெரியவந்தால் க்ளைம் கையை விட்டுப் போய்விடலாம்.

சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன், போக்குவரத்து அல்லாத வாகனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதாவது வெள்ளை போர்டில் ஓட வழி உண்டு. மோட்டார் கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தர விதியும் இருக்கிறது. ஆகவே முதல் வேலை, கேரவன் வேலைக்கு அங்கீகாரம் உள்ள பாடி பில்டரைப் பிடிப்பது. அவரிடமிருந்து வரைபடம் வாங்கி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றும் முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கரூர் பக்கத்துப் பாடி பட்டறைகளுக்குப் பஸ் கட்டிய அனுபவம் இருக்கிறது. அலுமினியம் பிரேம், எஃப்.ஆர்.பி. (ஃபைபர்) வேலை எல்லாம் அங்கே சுத்தமாக வரும். ஆனால் வேலை தெரிவது வேறு, அங்கீகாரம் இருப்பது வேறு. இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மஞ்சள் போர்டு வண்டி என்றால் பெர்மிட் சரண்டர், வரி பாக்கி, ஃபைனான்ஸ் என்.ஓ.சி. மூன்றும் முடிந்த வண்டிக்கு மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள்.

வாங்கும்போது

பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிற்கும் வண்டியைக் கண்டால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். முன் கண்ணாடியின் அடி ஓரம், கூரையைச் சுற்றி ஓடும் மழைத் தண்ணீர்க் கால்வாய், ஏறும் படிக்கட்டின் உள்மூலை, வீல் ஆர்ச், கடைசி சீட்டுக்கு அடியில் தரை: துரு இந்த ஐந்து இடத்தில்தான் ஆரம்பிக்கும். சுற்றுலா வேனில் தரையை ஓஸ் பிடித்துக் கழுவுவார்கள். சீட் போல்ட் துளை வழியாக இறங்கும் தண்ணீர் பிளைவுட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் வருடக்கணக்கில் தேங்கும். மேட்டைத் தூக்கி ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். டங்கென்று கேட்டால் இரும்பு, மந்தமாகக் கேட்டால் புட்டி. தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோரத்தில் ஓடிய வண்டிக்கு சேஸிஸ் மேல்பக்கத்தையும் கை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் சூடானபின் ஆயில் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வரலாம். விட்டு விட்டுப் புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. லீஃப் ஸ்பிரிங் ஒரு பக்கம் தொங்குகிறதா என்பதைச் சமதரையில் நிறுத்தி, வீல் ஆர்ச் உயரத்தை டேப் வைத்து அளந்து பார்த்தால் போதும்.

வாங்கியதும் உள் லைனிங் முழுவதையும் கழற்றிவிட்டு, ஒருவர் மேலே ஓஸ் பிடிக்க, இன்னொருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும். கூரையின் ஒவ்வொரு மூலைக்கும் பத்துப் பதினைந்து நிமிடம். தண்ணீர் சொட்டும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்காது. கேரியர் போல்ட் வழியாக நுழைந்த தண்ணீர், கூரைத் தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டமான ரிப் மேலேயே ஓடி, நான்கு அடி தள்ளி ஜன்னல் மேல் சொட்டும். சொட்டும் இடத்தில் சீலன்ட் பூசி எந்தப் பயனும் இல்லை. தடத்தைப் பின்பற்றி மேலே போக வேண்டும். சீலன்ட்டில் சிலிக்கானைத் தவிர்த்துவிடுங்கள். அதன்மேல் பெயின்ட் நிற்காது, பிறகு வேறு எதுவும் ஒட்டாது. பாலியூரித்தேன் சீலன்ட்தான் தகடு அதிரும்போதும் பிடித்து நிற்கும்.

வெயில்

குளிர்நாட்டு கேம்பர் வீடியோக்களைப் பார்த்து நாம் செய்யும் பெரிய தவறு இங்கேதான். அவர்கள் சூட்டை உள்ளே வைத்துக்கொள்ளக் கட்டுகிறார்கள், நமக்கு வெளியே தள்ள வேண்டும். ஆகவே சுவரைவிடக் கூரைக்குத்தான் செலவு.

துருவைச் சுரண்டி எபாக்சி பிரைமர் இரண்டு கோட் அடித்தபின், கூரைத் தகட்டில் 19 மி.மீ. கறுப்பு நைட்ரைல் ஃபோம் ஷீட்டை ஒட்டுங்கள். ஏசி பைப்பில் சுற்றுவார்களே, அதே சரக்குதான். பசையோடு வரும் ஷீட்டே நல்லது. சாதாரண ரப்பர் பசை மே மாதக் கூரைச் சூட்டில் இளகி, ஷீட் பலூன் மாதிரி தொங்கிவிடும். பலர் தகட்டை மட்டும் மூடிவிட்டு ரிப்பை அப்படியே விடுகிறார்கள். சூடு அந்த இரும்பு ரிப் வழியாக நேராக உள் சீலிங்குக்கு இறங்கும். ரிப் மேலும் 6 மி.மீ. ஃபோம் பட்டை ஒட்டி, அதன்மேல் சீலிங் ஷீட்டைப் பொருத்துங்கள். ஸ்க்ரூவைக் கூரைத் தகட்டில் இறக்கவே கூடாது. ரிப்பில் ரிவ்நட் (தகட்டுத் துளையில் பதிக்கும் மரை) போட்டு அதில் முடுக்க வேண்டும்.

வெள்ளி நிற பபிள் ஷீட்டை நேராகத் தகட்டில் ஒட்டித் தருவார்கள். அந்த ஷீட் வேலை செய்ய முன்னால் இரண்டு சென்டிமீட்டராவது காற்று இடைவெளி வேண்டும். ஒட்டிய ஷீட்டில் காசுதான் வீண். கிளாஸ் வூல் வண்டி அதிர்வில் கீழே சரிந்து, ஈரம் குடித்து, துருவுக்குத் துணை போகும். ஸ்ப்ரே ஃபோம் தகட்டை வெளியே உப்ப வைக்கும், பிறகு டிங்கரிங் செய்யவே வழியிருக்காது.

இதற்கெல்லாம் மேலாக வேலை செய்வது நிழல். கூரைக்கு 50 மி.மீ. மேலே தூக்கி வைத்த கண்ணாடி சோலார் பேனல் கரண்டும் தரும், கூரைக்கு நிழலும் தரும். கூரையோடு ஒட்டும் வளையும் பேனல் சூடேறித் தன் உற்பத்தியையும் இழக்கும், அந்தச் சூட்டை உள்ளேயும் தள்ளும்.

அடுத்தது கூரை ஃபேன். 14 அங்குலச் சதுர வெட்டு, இரண்டு ரிப்புக்கு நடுவில். வெட்டிய தகட்டின் ஓரத்துக்கு அன்றே பிரைமர் அடித்து, உள்ளே மரச்சட்டம் கொடுத்து, ஃபேன் விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப் வைத்து இறுக்குங்கள். ஃபேன் காற்றை வெளியே தள்ளட்டும், எதிர் மூலையில் தாழ்வான ஜன்னல் ஒன்று கொசுவலையோடு திறந்திருக்கட்டும். ஊட்டி, கொடைக்கானல் குளிரிலும் இதை முழுசாக மூட வேண்டாம். நான்கு பேர் தூங்கும் இரவில் மூச்சிலும் வியர்வையிலுமாகச் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் வெளியாகிறது. விடிகாலையில் மெத்தைக்கு அடியில் ஈரமாக இருந்தால் அது ஒழுகல் அல்ல, இதுதான்.

கரண்ட்

முதலில் ஒரு நாள் செலவைக் கணக்கிடுங்கள். 40 லிட்டர் 12 வோல்ட் கம்ப்ரசர் பிரிட்ஜ் நம் வெயிலில் சுமார் 600 வாட்-அவர். இரண்டு 20 வாட் டி.சி. ஃபேன் பத்து மணி நேரத்துக்கு 400. விளக்கு 100, போன், லேப்டாப் 150. மொத்தம் 1,250. ஒரு 100 ஆம்ப்-அவர் லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி 1,280 வாட்-அவர்தான் தரும், அதையும் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சக் கூடாது. 200 ஆம்ப்-அவர் இருந்தால் வெயில் இல்லாமலும் ஒன்றரை நாள் ஓடும். 400 வாட் சோலார், படுக்கையாக வைத்தால், நல்ல வெயிலில் 1,250 சொச்சம் தரும். செலவும் வரவும் நேராகிவிடும். சோலாருக்கும் பேட்டரிக்கும் நடுவில் வரும் சார்ஜர் எம்.பி.பி.டி. வகை, 40 ஆம்ப்ஸ்.

ஓட்டும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து (எஞ்சின் சுழற்றும் ஜெனரேட்டர்) சார்ஜ் ஆக, கரண்டை அளவோடு எடுக்கும் 30 ஆம்ப்ஸ் டி.சி.-டி.சி. சார்ஜர் கட்டாயம். அதன் விலையைப் பார்த்துவிட்டு சாதாரண ரிலே போட்டுத் தருகிறேன் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காலியான லித்தியம் பேட்டரி எவ்வளவு கொடுத்தாலும் இழுக்கும்; ஆல்டர்னேட்டர் முழு லோடில் மணிக்கணக்கில் ஓடிக் கருகிவிடும்.

இனி, நடு இரவில் பிரிட்ஜ் நின்றுபோகும் புகார். பேட்டரியில் பாதிச் சார்ஜ் இருக்கும், பிரிட்ஜோ 'லோ வோல்டேஜ்' காட்டும். குற்றம் பேட்டரியில் இல்லை, ஒயரில். பேட்டரி முன்னால், பிரிட்ஜ் பின்னால், நடுவில் ஆறு மீட்டர். போக வர பன்னிரண்டு. 2.5 சதுர மி.மீ. ஒயரில் 5 ஆம்ப்ஸ் ஓடும்போது 0.4 வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.18-க்குள் அடங்கும். எர்த்தையும் பாடியில் இணைக்காமல் தனி ஒயராகவே பேட்டரிக்குக் கொண்டு வாருங்கள். துருப்பிடித்த பாடி போல்ட் ஒன்று போதும் எல்லாவற்றையும் கெடுக்க.

மிக்சிக்கு 1,000 வாட் சைன் வேவ் இன்வெர்ட்டர் போதும். அதுவே 12 வோல்ட் பக்கம் 85 ஆம்ப்ஸைத் தாண்டும்: 35 சதுர மி.மீ. கேபிள், 125 ஆம்ப்ஸ் ஃப்யூஸ், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள். கேபிள் முனையில் மாட்டும் லக்கைச் சுத்தியால் அடித்து நசுக்கக் கூடாது. ஹைட்ராலிக் கிரிம்ப் செய்யும் கடைக்கே கொண்டுபோங்கள். தளர்ந்த லக்தான் சூடேறிப் பற்றும். 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 150 ஆம்ப்ஸுக்கு மேல் கேட்கும், வேண்டாம். ஏசியும் அப்படியே. சராசரி 600 வாட் என்று வைத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு 4,800 வாட்-அவர், மேலே சொன்ன 200 ஆம்ப்-அவர் பேட்டரி போல இரண்டு. வெளிக் கரண்ட் கிடைக்கும் இடத்தில் மட்டும் ஓட்டுவதானால் சரி.

கேஸ், தண்ணீர்

5 கிலோ சிலிண்டர் போதும். அனுமதி வரைபடத்திலேயே அதன் இடம் குறிக்கப்பட்டிருக்கட்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் பெட்டி உள்பக்கம் முழுக்க அடைபட்டு, வெளிக்கதவோடு, அடியில் திறந்த துளையோடு இருக்க வேண்டும். அந்தத் துளை சைலன்சர் பக்கம் வரக் கூடாது. ஓடும்போது வால்வு மூடியிருக்கட்டும். ஐ.எஸ்.ஐ. ஆரஞ்சு டியூபை ஐந்து வருடத்துக்குள் மாற்றிவிடுங்கள். கேஸ் அலாரம் தரையோரம், கார்பன் மோனாக்சைடு அலாரம் தலையணை உயரத்தில்.

தண்ணீர் 80 லிட்டர், பின் அச்சுக்கு முன்னால், தரை மட்டத்தில். பாதி நிறைந்த டேங்கில் தண்ணீர் அலையடித்து வளைவில் வண்டியை ஆட்டும்; உள்ளே தடுப்பு வைத்த டேங்க் வாங்குங்கள். பம்புக்கு முன்னால் வடிகட்டி இல்லையென்றால் முதல் மணல் துகளிலேயே டயஃப்ரம் போய்விடும். கழிவுத் தண்ணீருக்கு 40 லிட்டர் தனி டேங்க். ரோட்டில் திறந்துவிடுவது என்ற பேச்சே வேண்டாம்.

மரவேலையும் சீட்டும்

18 மி.மீ. பிளைவுட் ஒரு ஷீட் 32 கிலோவைத் தாண்டும், 12 மி.மீ. 21 முதல் 25. அலுமினியச் சதுரக் குழாயில் பிரேம் கட்டி 12 மி.மீ. பி.டபிள்யூ.பி. (தண்ணீர் தாங்கும் பிளைவுட்) போட்டால் உறுதி குறையாது. காந்தக் கேட்ச் முதல் வளைவிலேயே திறந்துகொள்ளும். அழுத்தித் திறக்கும் புஷ் லாக்கே வேண்டும். டீசல் டேங்க் யூனிட்டுக்கு (டீசல் அளவு காட்டும் பாகம்) மேலே தரையில் ஒரு மூடி விட மறக்காதீர்கள்.

குழந்தைகள் விஷயத்தில் சமரசமே கிடையாது. ஓடும்போது எல்லாரும் முன்னோக்கிய சீட்டில், பெல்ட்டோடு. பக்கவாட்டு சோபாவில் உட்கார்ந்தவருக்கு பிரேக் அடிக்கும்போது பெல்ட் இருந்தும் பயனில்லை. கம்பெனி சீட்டில் இரண்டு பேர் உட்காரும் ஒரு வரிசையை அதன் அசல் ரெயிலிலேயே விட்டுவிட்டு, மற்றதைக் கழற்றுவதே நல்லது. பிளைவுட் பெட்டியில் பெல்ட்டை முடுக்கினால் பெட்டியோடு பெயர்ந்து வரும்.

எடை மேடைக்கு மூன்று தடவை போங்கள்: சீட் கழற்றும் முன், வேலை முடிந்தபின், தண்ணீரும் சாமானும் ஆட்களும் ஏறியபின். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிட்டால் மட்டும் போதாது. முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பின் சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு எடுங்கள். டேங்கும் பேட்டரியும் ஒரே அச்சின் மேல் சேர்ந்தால் மொத்தம் சரியாக இருந்தும் அந்த அச்சின் டயர் மட்டும் தேயும். அந்த எடைக்குத் தகுந்தபடி காற்றழுத்தத்தை டயர் கம்பெனி அட்டவணையில் பார்த்து வைக்கலாம். டயர் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். கேம்பர் அதிக நாள் நின்றே கிடப்பதால் பட்டன் தேயும் முன் ரப்பரில் வெடிப்பு விழுந்துவிடும். ஆறு வருடம் தாண்டிய டயரோடு மலை ஏறாதீர்கள்.