கோத்தா பாரு சந்தையில் ஒரு காலைப்பொழுது

பேருந்து நிலையத்திலிருந்து சந்தைக்கு மூன்று கிலோமீட்டர்கூட இராது, அதற்கு 25 வெள்ளி (ரிங்கிட்) பிடுங்கிக்கொண்ட டாக்சிக்காரர், "கணவர் கூட வரவில்லையா?" என்று வழியெல்லாம் விசாரித்தார். கோலாலம்பூரிலிருந்து இரவெல்லாம் குளிர்சாதனத்தில் விறைத்து வந்த எரிச்சல் வேறு.

பசார் சித்தி கதீஜா சந்தைக்கு, நபிகளின் முதல் மனைவியும் வணிகருமான கதீஜாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கடை நடத்துபவர்களில் பெரும்பாலோர் மலாய்ப் பெண்கள். 1990 முதல் இஸ்லாமியக் கட்சியான பாஸ் ஆளும் கிளந்தான் மாநிலம், பேரங்காடிகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனி வரிசை, கடைகளில் வேலை செய்யும் முஸ்லிம் பெண்கள் தலையை மூடாவிட்டால் அபராதம் என்றெல்லாம் கேள்விப்பட்டிருந்ததால், தலைகுனிந்த பெண்களையே எதிர்பார்த்துப் போனேன். அது என் அறியாமை.

குரோப்போக் எனும் மீன் அப்பளக் குவியலுக்கு நடுவே மேடையில் சம்மணமிட்டிருந்த மாக்சிக்கின் (மூத்த பெண்களை மலாயில் அழைக்கும் சொல்) முன்கை நிறையத் தங்கக் காப்புகள். மூட்டையை இறக்கிய கணவர், பெட்ரோலுக்குப் பணம் கேட்டு, நீட்டியதை எண்ணாமல் வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று கேட்டேன். "அவர்தானே குடும்பத் தலைவர்" என்றார், நோட்டுக் கட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். டாக்சிக் கதையைக் கேட்டு என்னைத்தான் திட்டினார்: "விலை பேசாமல் ஏறலாமா, தங்கச்சி?" ஆனால் என் பேரத்துக்கு ஒரு வெள்ளிகூடக் குறைக்கவில்லை.

மாடியில் நாசி கெராபு. சங்குப்பூ நீலச் சோறு, பொடியாக அரிந்த பச்சிலைகள், வறுத்த தேங்காய், மேலே ஒரு கரண்டி 'புடு' என்ற மீன்சாறு. அதன் நெடியைப் பொறுத்துக்கொண்டால் இந்த ஊரில் இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது, அதுவும் பத்து வெள்ளிக்குள். உடன் வந்த மாக்சிக்கின் மகள், ஊசியை உதட்டில் கடித்தபடி தூடோங் எனும் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே, கல்யாணம் எப்போது என்று நச்சரிக்கும் அத்தைமார்களைப் பற்றிச் சொன்னாள். "படிப்புக் கடன் அடையட்டும்" என்பதே எல்லோருக்கும் அவள் சொல்லும் பதில். கடனாளிப் பெண்ணை யாரும் அவசரப்படுத்துவதில்லையாம். இன்னும் எவ்வளவு பாக்கி என்றேன். போன வருடமே அடைந்துவிட்டதாம். அம்மாவுக்கும் அது தெரியுமாம்.

திரும்பும்போது அவளே தன் கைப்பேசியில் வண்டி பிடித்துக் கொடுத்தாள். அதே தூரம், 7 வெள்ளி.